தண்ணீர் குடிக்கிற அக்கா

தண்ணீர் குடிப்பதை ஒரு சண்டை போலச் செய்தவள் என்று நான் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன்.

காலை ஐந்தரைக்கு போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பும் ஜீப்பில் பதினாறு பெண்கள் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மலையடிவாரத்து முந்தல் தாண்டியதும் அக்கா பைக்குள் கையை விட்டு ஒரு லிட்டர் பாட்டிலை எடுப்பாள். மூடியைத் திறந்து, எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்ப்பாள். பிறகு மடமடவென்று பாதியைக் குடிப்பாள். குடித்து முடித்துப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "யாருக்கு வேணும்?" என்பாள். ஒருத்தியும் கை நீட்ட மாட்டாள்.

மற்ற எங்களுக்கு எழுந்ததும் ஒரு டீ. அதற்குப் பிறகு சாயங்காலம் வீடு திரும்பும்வரை நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி. எங்கள் ஜீப்பின் வழக்கம் அது. தோட்டத்தில் ஒதுங்க இடம் இல்லை என்று வெளியே சொல்லிக்கொள்வோம். அது பாதி உண்மை. மறுபாதி என்னவென்றால், கொண்டை ஊசி வளைவில் ஜீப்பு தூக்கிப் போட்டாலும், காய் மூட்டையைத் தலைக்கு ஏற்றினாலும், சும்மா ஒரு இருமல் வந்தாலும் நாங்கள் நனைந்துவிடுவோம். பிள்ளை பெற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் இருந்தோம். அதனால் ஒவ்வொருத்தியும் ஒரு சாக்கை நாலாக மடித்து அடியில் போட்டுத்தான் ஜீப்பில் உட்காருவோம். ஈரத்துக்கும் அட்டைக்கும் இடுப்பில் கட்டுகிற சாக்கு என்று பேர். அதற்கு இன்னொரு சோலி இருப்பதை யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. புதிதாக ஒருத்தி வந்தால், பக்கத்தில் இருப்பவள் அவள் கைப்பிள்ளைக்காரிதானா என்று விசாரிப்பாள். ஆமாம் என்றால் பேசாமல் ஒரு சாக்கை எடுத்து நீட்டுவாள். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. அப்போது என் மகளுக்கு எட்டு மாதம்.

மழை பெய்தால் எங்களுக்கு நிம்மதி. மலையில் எல்லோரும் ஒரே மாதிரி நனைந்திருப்போம்.

நான் ஏழாவதோடு நின்றவள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினேன், கம்பத்தில் திராட்சைக் குலை வெட்டினேன், பிறகு போடிக்கு வந்தேன். மகளின் அப்பா கம்பத்தோடு நின்றுகொண்டார். போடியில் எனக்குக் கிடைத்தது ஒரே குழாயைச் சுற்றி ஆறு வீடு இருக்கிற ஒரு வளவு. அதில் என் சுவரை ஒட்டிய வீடு அக்காவுடையது. இரண்டு பெண்கள், ஒரு பையன். பையனுக்கு ஒரு வயது நிறையவில்லை. அவள் புருசன் ஏலக்காய் மண்டியில் லோடு ஏற்றுகிறவர். நல்ல மனிதர்தான், சொந்தமாக ஒரு முடிவு எடுத்து நான் பார்த்ததில்லை. அவருக்கான முடிவுகளை அவருடைய அக்கா எடுத்தாள்.

அந்த நாத்தனாரை, அக்கா கூப்பிடுகிற மாதிரியே, நாங்கள் எல்லோரும் மதினி என்றுதான் கூப்பிடுவோம். தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவள் அவள்தான். ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டு அவளுடையது. யார் வரலாம், யார் நிற்கலாம் என்பது அவள் வாயில் இருந்தது. கெட்டவள் இல்லை. என் மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது முதல் ஆளாக வந்து நின்றவள் அவள்.

அக்கா உடற்பயிற்சி செய்ய ஆரம்பித்தபோது ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அவளுக்கு ஒரு வார்த்தை இருந்தது: "எவ சொன்னா?"

பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் வேர்க்க விறுவிறுக்க உடம்பை அசைத்தால் பால் திரிந்துவிடும் என்று குழாயடியில் ஒருத்தி சொன்னாள். "எவ சொன்னா? நீ மலையில காய் எடுத்துட்டு வேர்க்காமலா வர்ற? வந்த உடனே மார்ல போட்டுக்கிற. உம்பிள்ளை திரிஞ்சு போயா கெடக்கான்?" வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டினால் வயிறு உள்ளே போகும் என்றாள் இன்னொருத்தி. "துணியை அவுத்தா?" என்றாள் அக்கா. சொன்னவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். தோட்டத்து சூப்பர்வைசர் பூப்பாறைக்காரர், பாதி தமிழ் பாதி மலையாளம் பேசுவார். "சேச்சி, நிங்களுக்கு எந்தினா தனியா எக்சர்சைஸ்? மலை கேறி இறங்குறதே எக்சர்சைஸ் அல்லே?" என்று சிரித்தார். ஏலச்செடியில் காய் பிடிப்பது தூரில், மண்ணை ஒட்டி. அதனால் நாள் முழுக்கக் குந்தியும் குனிந்தும்தான் எடுக்க வேண்டும். அக்கா குந்தியிருந்த இடத்திலிருந்தே கழுத்தைத் திருப்பினாள். "அப்படின்னா இங்க நிக்கிறவ எல்லாம் பயில்வான் மாதிரில்ல இருக்கணும் சார்? நாப்பது வயசுல ஏன் ஒவ்வொருத்தியும் இடுப்பப் புடிச்சுக்கிட்டு எந்திரிக்கிறா?"

இதெல்லாம் ஒரு நாள் காலையில் ஆரம்பித்தது. டிரைவர் யாரையோ கிண்டல் பண்ணிப் பேச, அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த வேகத்தில் நனைந்துவிட்டது. அன்றைக்கு அவள் அடியில் சாக்குப் போட மறந்திருந்தாள். சீட்டில் ஈரம் பரவி என் சேலை வரை வந்தது. எல்லோரும் கவனிக்காத மாதிரி வெளியே பார்த்தார்கள். மதினி மட்டும் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"மூணு பெத்தவளுக்கு அப்படித்தான்டி. எதுக்கு மொகத்தத் தொங்கப் போடுற? தை பொறந்து காயெடுப்பு முடியட்டும், உனக்கும் எடுத்துப்புடுவோம். தொல்லை விட்டுச்சுன்னு இருப்ப."

எடுப்பது என்றால் கர்ப்பப்பையை. மதினி தன் முப்பத்திரண்டு வயதில் எடுத்தவள். ஜீப்பில் இன்னும் மூன்று பேர் எடுத்திருந்தார்கள். பிள்ளை போதும் என்றானபின் அது எதற்கு என்பதுதான் பேச்சு. பல் வலித்தால் பிடுங்குகிற மாதிரி. அந்த வாரத்திலேயே மதினி தனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரியில் பேசி, தை மாதத்தில் ஒரு நாளையும் குறித்துவிட்டாள். அக்காவின் புருசன் தலையை ஆட்டினார். அக்காவுக்கு அப்போது வயது முப்பத்துநாலு.

"எவ சொன்னா?" என்று அன்றைக்கு அவள் கேட்கவில்லை. ராத்திரிச் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டே என்னிடம் சொன்னாள்: "தை வரைக்கும் நாள் இருக்கு. அதுக்குள்ள நான் சரியாயிக் காட்டுறேன். இல்லாட்டி என்னை அறுத்துப்புடுவாங்க."

எப்படிச் சரியாவது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மூத்த மகளின் போனில் ஒரு வீடியோவைத் தேடிப் பிடித்தாள். இறுக்கமான உடுப்புப் போட்ட ஒரு பெண், பிள்ளை பெற்றவள் மாதிரியே இல்லை, தாம்தூம் என்று குதித்தாள். முப்பது நாளில் வயிறு காணாமல் போகுமாம். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு குதித்தாள். சுவர் வழியாக எனக்குக் கேட்கும். பத்துக் குதி, பிறகு ஒரு நிசப்தம், பிறகு பாவாடை அலசுகிற சத்தம். "வயிறு போனா எல்லாம் போயிரும். வயிறுதான் கீழ அமுக்குது" என்று அவளாக ஒரு கணக்குப் போட்டிருந்தாள். அதை எவ சொன்னா என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்து ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை ஜீப்பு கிடையாது. விடிந்ததும் சேலைக்கு மேல் புருசன் சட்டையை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பினாள். என்னையும் விடவில்லை. போலீஸ் வேலைக்குப் பழகுகிற பையன்கள் அங்கே ஓடுவார்கள். எங்களைப் பார்த்ததும் ஒருவன், "ஆத்தா, திருடன் எந்தப் பக்கம் போனான்?" என்றான். அக்கா ஓடிக்கொண்டே, "உன் பின்னாலதான் வர்றான், வெரசா ஓடு!" என்றாள். அவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, மூச்சுத்தான் வரவில்லை. வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்த தழும்பு உள்ளே பிடித்து இழுத்தது. நின்றுவிட்டேன். அக்கா நிற்கவில்லை. வலித்தால்தான் வேலை செய்கிறது என்று அவள் நம்பினாள். நாலாவது ஞாயிறு, மூன்றாவது சுற்றில், ஒரு மாதிரியாகக் காலை அகட்டி நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"கீழ ஏதோ உருண்டை மாதிரி இறங்குது புள்ள" என்றாள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் இரண்டு பேரும் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். வரிசையில் நின்றோம். டாக்டரம்மா அக்காவை உள்ளே படுக்க வைத்துப் பார்த்தார். கர்ப்பப்பை இறக்கம்தான், ஆனால் ஆரம்பம் என்றார். ஆபரேசனுக்கு நாள் குறித்திருக்கிறது என்று அக்கா சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். "இப்ப எடுக்க வேண்டிய அவசியம் இல்ல. அதோட, கர்ப்பப்பைய எடுத்தா மட்டும் இந்தக் கசிவு நின்னுரும்னு நினைக்காதம்மா. அது வேற. மூணு மாசம் பயிற்சி செஞ்சுட்டு வா. திரும்பப் பார்த்துட்டுச் சொல்றேன்." பிறகு ஒரு நர்ஸம்மாவிடம் அனுப்பினார்.

நர்ஸம்மா முதலில் செய்தது அக்காவைத் திட்டியதுதான். "ஓடுனியா? அடித்தளம் ஆடுது, நீ மாடிக்கு மேல மாடி கட்டுற. ஓடுறது தப்பில்ல, ஆனா அது பொறகு. தண்ணி ஏன் குடிக்கிறதில்ல? குடிக்காம இருந்தா கசியாதுன்னா? கடுத்துப் போயி இன்னும் அவசரமா வரும்." பிறகு மெல்லிய குரலில் சொல்லிக் கொடுத்தார். மல்லாந்து படு, முட்டியை மடக்கு, ஒண்ணுக்கை அடக்குகிற மாதிரி, காற்றை அடக்குகிற மாதிரி, கீழே உள்ள சதையை உள்ளே இழு. அஞ்சு எண்ணு. விடு. விடுவதும் பயிற்சிதான். மூச்சைப் பிடிக்காதே, தொடையை இறுக்காதே. இருமுவதற்கு முன்னால், மூட்டை தூக்குவதற்கு முன்னால், முதலில் இறுக்கு, பிறகு தூக்கு. குனிந்து குனிந்து எடுக்கும்போது நடுவில் எழுந்து நில்.

"இம்புட்டுத்தானா?" என்றாள் அக்கா. ஏமாந்துபோன குரல்.

"இம்புட்டுத்தான். தினம் மூணு வேளை. ஒரு நாள் விடாம. உன்னால முடியுமா?"

மைதானத்தைச் சுற்றி ஓடுவது அவளுக்குச் சுலபம். படுத்துக்கொண்டு, யார் கண்ணுக்கும் தெரியாமல், ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிற ஒன்றைத் தினமும் செய்வதுதான் அவளுக்குப் பெரிய பாடு. முதல் வாரம் இரண்டு முறை அழுதாள். எதுவுமே இறுகவில்லை என்றாள். மூன்றாவது வாரம் குழாயடியில் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். பிறகு ஜீப்பிலும் செய்ய ஆரம்பித்தாள். முகத்தை நேராக வைத்துக்கொண்டு எதிரே இருப்பவளின் நெற்றியையே பார்ப்பாள்.

"ஏண்டி என்னைய மொறைக்கிற?" என்பாள் எதிரில் இருப்பவள்.

"உன்னைய இல்ல. எண்ணிக்கிட்டிருக்கேன்."

"எத?"

"அஞ்சு" என்று சொல்லி மூச்சு விடுவாள். நான் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொள்வேன்.

தண்ணீர் பாட்டில் வந்தது அப்போதுதான். தோட்டத்தில் ஒதுங்க இடம் கேட்டு சூப்பர்வைசரிடம் மல்லுக்கு நின்றாள். ஒரு வாரம் அலைந்து, ஸ்டோருக்குப் பின்னால் தகரத்தால் ஒரு மறைப்பு வாங்கினாள். அப்படியும் மற்றவர்கள் குடிக்கவில்லை. ஆனால் மறைப்பு இருந்ததால் போய்வந்தார்கள்.

அவளை முழுக்க நல்லவள் என்று நான் சொல்ல மாட்டேன். கார்த்திகையில் ஒரு நாள் நடந்ததை நானே கண்ணால் பார்த்தேன். மலை ஏறும்போது மதினி திரும்பி உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கிண்டல் பண்ணினாள்.

"எங்க வீட்டு மகாராணி மூணு வேளை மல்லாந்து படுத்து எக்சைசு பண்றா. எந்தம்பி சொல்லிச் சிரிக்கிறான். பிள்ளை பெத்த ஒடம்பு அப்படித்தான்டி போகும். நாங்க பெறலையா, வளக்கலையா? எடுத்துட்டு நான் நல்லா இல்லையா?"

அக்கா பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்:

"எடுத்த பொறகும் நீ ஏன் மதினி சாக்குப் போட்டு உக்காந்திருக்க?"

டிரைவர் தேவையில்லாமல் ஹாரன் அடித்தான். முன் சீட்டில் மதினிக்கு அடியில் நாலாக மடித்த சாக்கு இருந்தது. எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாருமே பார்த்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

மறுநாள் ஜீப்பு வளவுக்கு முன்னால் நிற்காமல் போனது. அக்காவுக்கு வேலை இல்லை. நான் மட்டும் முக்கு ரோட்டுக்கு ஓடிப்போய் ஏற வேண்டியிருந்தது. "அந்த வார்த்தையச் சொல்லியிருக்க வேணாம்க்கா" என்று நான் சாயங்காலம் சொன்னேன். "வேணாந்தான்" என்றாள். "ஆனா பொய்யா?" பத்து நாள் கழித்து சிலமலைப் பக்கத்திலிருந்து வருகிற வேறு ஜீப்பில் இடம் பிடித்து, வேறு தோட்டத்துக்குப் போனாள். நடந்து போய் ஏற வேண்டும். போனாள். அங்கேயும் தகர மறைப்புக்குச் சண்டை போட்டதாகக் கேள்வி.

வீட்டுக்குள்ளே அவள் புருசன் பேச்சை நிறுத்தினார். தை பிறந்தது. ஆபரேசனுக்கு இரண்டு நாளுக்கு முன்னால் நானும் அக்காவும் மறுபடி பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, இறக்கம் கூடவில்லை, கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது என்றார். சதையில் நல்ல பலம் வந்திருக்கிறது, கசிவு முழுக்க நிற்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, பயிற்சியை விட்டுவிடாதே, கத்தி வேண்டாம். அக்கா வெளியே வந்து ஆஸ்பத்திரி மரத்தடியில் நின்று ஒரு தும்மலை வரவழைக்கப் பார்த்தாள். வெயிலைப் பார்த்தாள், மூக்கில் சேலை நுனியை விட்டாள். கடைசியில் வந்தது. தும்மிவிட்டு, அப்படியே நின்று, என்னைப் பார்த்து நாலு விரலைக் காட்டி, மூன்றை மடக்கினாள். "நாலு பங்குல மூணு பங்கு போயிருச்சு புள்ள. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

குறித்த நாள் காலையில் புருசன் துணிமணி அடைத்த பையோடு வாசலில் நின்றார். மதினி பட்டு மாதிரி ஒரு சேலை கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் பிடித்தபடி வந்தாள். இரண்டு மாதமாக இந்த வளவுக்குள் கால் வைக்காதவள்.

அக்கா வேலைக்குப் போகிற சேலையில் இருந்தாள். "நான் வரல" என்றாள்.

"எங்கக்கா நாள் குறிச்சிருக்கால்ல" என்றார் புருசன்.

"ஒடம்பு என்னோடதுல்ல. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா பாத்துட்டாங்க. வேணாம்னுட்டாங்க. ஆரம்பத்துலதான் இருந்துச்சாம். இப்ப அதுவும் கொறைஞ்சிருக்கு."

மதினி அவளோடு பேசாமல் என் பக்கம் திரும்பினாள். "நீயும் கூடப் போனியா?"

"ஆமா மதினி."

"அந்தம்மா அப்படித்தான் சொல்லுச்சா? எடுக்க வேணாம்னா?"

"ஆமா. எடுத்தாலும் இது நிக்காதுன்னு மொதல்லயே சொன்னாங்க."

மதினி கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கையில் இருந்த சீட்டை மடித்தாள். மறுபடியும் மடித்தாள். குரல் எங்கேயோ இருந்து வந்தது. "எனக்கும் ஆரம்பம்னுதான் சொன்னாங்க. ரெண்டு வார்த்தை பேசினாங்க, படுக்க வச்சிட்டாங்க. ரெண்டு வருசம் நிமிர முடியல. அப்ப நான் எடுத்தது..."

மதினி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதைச் சொன்னாலும் திருப்பி அடிக்கிறவள் அன்றைக்குக் குரலைத் தாழ்த்தினாள். "உனக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது மதினி. வேணும்னே எடுத்தாங்களான்னும் தெரியாது. உங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கல, அது மட்டும் தெரியும்" என்றாள். பிறகு, "அன்னைக்கு ஜீப்புல நான் பேசுனது தப்பு" என்றாள்.

மதினி சீட்டை இடுப்பில் செருகினாள்.

"எடுத்தவங்களும் அந்தப் பயிற்சியச் செய்யலாமாம். நான் கேட்டுட்டு வந்தேன்."

"நீ எதுக்குடி எனக்காகக் கேட்ட?"

"கேட்டேன். உள்ள வா."

மதினி தம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது, தாழ்ப்பாள் விழுந்தது. பாய் விரிக்கிற சத்தம். பிறகு அக்காவின் குரல், மெதுவாக: "முட்டிய மடக்கு. தொடைய விடு. மூச்சப் புடிக்காத மதினி, மூச்ச விடு. ஒண்ணு. ரெண்டு."

"உள்ள என்ன நடக்குது?" என்றார் புருசன். "பஸ்சுக்கு நேரமாச்சு. கதவத் தட்டு."

"தட்ட மாட்டேண்ணே" என்று சொல்லிவிட்டு, மகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன்.